சிவப்புச் சாயமும் வெள்ளைத் தூளும்: சல்பா மருந்துகளின் சமூக வரலாறு

உரலில் உள்ளி இடிக்கும்போது எழும் மணமும், வெங்காயம் அரியும்போது கண்ணைக் கரிக்கும் காரமும், மயிர் கருகும்போது மூக்கைத் துளைக்கும் நாற்றமும் ஒரே மூலகத்தின் தொழில் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அம்மூலகம் கந்தகம். மண்ணிலே மஞ்சட் கட்டியாகக் கிடக்கும் கந்தகத்தை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். சித்த வைத்தியர் அதனைச் சுத்திசெய்து சொறிக்கும் சிரங்குக்கும் மருந்தாக்கினர். ஆயின், காபனோடு கூடிச் சேதனச் சேர்வையாகிய கந்தகம் செய்த வேலைகளை மனிதன் விளங்கிக்கொண்டது கடந்த இரு நூற்றாண்டுகளிலேதான். அவ்வேலைகளுள் ஒன்றன் வரலாற்றையே இக்கட்டுரை கூற விழைகிறது.

தமிழாசிரியனாகிய நான் இத்துறையிற் புகுந்ததற்குக் காரணம் ஒரு மாணவன். விஞ்ஞான ஆசிரியர் வராத ஒரு நாளில் அவருடைய வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தது. மாணவன் ஒருவன் தன் குறிப்புப் புத்தகத்திலிருந்து வாசித்தான்: சல்பா மருந்தைக் கண்டுபிடித்தவர் ஜேர்மனியரான டோமாக், ஆண்டு 1935. வாசித்து முடித்தவன் என்னை நிமிர்ந்து பார்த்து, "சேர், அதுக்கு முதல் அந்த மருந்து உலகத்தில இருக்கவே இல்லையா?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. தேடிப் படித்தபோது தெரியவந்த விடை என்னைத் திடுக்குறச் செய்தது. அந்த மருந்து 27 ஆண்டுகளாக உலகத்தில் இருந்தது. அது மருந்து என்பதுதான் ஒருவருக்கும் தெரியாதிருந்தது.

1908 ஆம் ஆண்டில் வியன்னா நகரில் போல் கெல்மோ என்னும் இளம் இரசாயன மாணவர், தமது கலாநிதிப் பட்ட ஆய்வின் ஒரு பகுதியாக, வெண்ணிறத் தூளொன்றை ஆக்கினார். பென்சீன் வளையமொன்று, அதன் ஒரு முனையில் அமைன் கூட்டம், மறுமுனையில் இரண்டு ஒட்சிசன் அணுக்களையும் ஒரு நைதரசனையும் பற்றிநிற்கும் ஒரு கந்தக அணு. இதுவே சல்பனிலமைட்டு. அடுத்த ஆண்டிலேயே ஜேர்மனியின் பேயர் கம்பனி, கம்பளித் துணிக்குச் சாயமிடும் தொழிலுக்காக, இவ்வகைச் சேர்வைகளுக்கு ஆக்கவுரிமை பெற்றுக்கொண்டது. கந்தகம் கொண்ட இக்கூட்டத்தைச் சேர்த்தாற் சாயம் கம்பளியை இறுகப் பற்றும். சலவையில் எளிதிற் போகாது. வெள்ளைத் தூள் குறித்து அன்று எவரும் கேட்ட கேள்வி அவ்வளவே.

கேட்கப்படாத கேள்விக்கு விடை கிடைப்பதில்லை. அத்தூளை உயிர்காக்கும் பொருளாக எவரேனும் சோதித்திருந்தால் என்ற எண்ணம் இன்று நமக்கு எழுதல் இயல்பே. முதலாம் உலகப் போரின் அகழிகளிற் காயம் புரையோடி மாண்ட இலட்சக்கணக்கான படைவீரர்களும், பிள்ளை பெற்ற சில நாட்களிற் காய்ச்சல் கண்டு இறந்த தாய்மாரும் நம் கண்முன் வருகின்றனர். எனினும், அன்றைய இரசாயனவியலாளரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது வரலாற்று நோக்காகாது. அவர்கள் எதனைத் தேடினர், ஏன் அதனைத் தேடினர் என்று விசாரிப்பதே பயன்தரும்.

சாயத் தொழிலின் வளர்ச்சி

நிலக்கரித் தாரிலிருந்து முதலாவது செயற்கைச் சாயத்தை 1856 இல் ஆக்கியவர் இங்கிலாந்தின் வில்லியம் பேர்க்கின். அவர் தேடியது மலேரியாவுக்கான குயினைன். கிடைத்தது ஊதாச் சாயம். அன்று தொடங்கிய தொழிலை ஜேர்மனியர் தமதாக்கிக்கொண்டனர். பல்கலைக்கழகங்களையும் தொழிற்சாலைகளையும் இணைத்து, சம்பளம் பெறும் இரசாயனவியலாளரை நூற்றுக்கணக்கில் வேலைக்கமர்த்தி, ஆராய்ச்சியையே ஓர் உற்பத்தித் துறையாக அவர்கள் மாற்றினர். 1897 இல் ஜேர்மன் செயற்கை அவுரிச் சாயம் சந்தைக்கு வந்தபோது, வங்காளத்திலும் பீகாரிலும் அவுரி பயிரிடும் முறையே சரியத் தொடங்கியது. அந்தச் சரிவின் சுமையைத் தோட்டத்துரைமார் விவசாயிகளின் முதுகில் ஏற்ற முயன்றதே, 1917 இல் காந்தி சம்பாரணுக்குச் செல்ல நேர்ந்த பின்னணியாகும். ஆய்வுகூடத்தில் ஒரு மூலக்கூறு மாறினால் எங்கோ ஓர் உழவனின் வாழ்வும் மாறுகிறது. இரசாயனத்தின் வரலாறு சமூக வரலாற்றுக்குப் புறம்பானதன்று.

சாயத்திலிருந்து மருந்துக்குப் பாலமிட்டவர் போல் எர்லிக். சில சாயங்கள் உடலின் இழையங்களை விட்டுக் கிருமிகளை மாத்திரம் பற்றிக்கொள்வதை அவர் நுணுக்குக்காட்டியிற் கண்டார். அவ்வாறாயின், கிருமியைப் பற்றி அதனைக் கொன்று, மனிதனுக்கு ஊறு செய்யாத பொருளொன்று இருத்தல் கூடுமன்றோ? இக்கேள்வியின் விளைவே 1910 இல் மேகநோய்க்கு வந்த சல்வர்சான். அது ஆசனிக்குச் சேர்வை. அதன் பின்னர் இருபது ஆண்டுகள் ஆயிரக்கணக்கான சேர்வைகள் சோதிக்கப்பட்டன. சாதாரண பற்றீரியாக்களை உடலினுள்ளே வெல்லும் மருந்து எதுவும் கிடைக்கவில்லை. அது நடவாத காரியம் என்று வைத்தியர் பலர் நம்பத் தலைப்பட்டனர்.

அந்நம்பிக்கையீனத்தை ஏற்க மறுத்தவர் கெர்காட் டோமாக். 1914 இல் வைத்திய மாணவராயிருந்தபோதே போருக்குச் சென்று காயமுற்ற அவர், பின்னர் கிழக்குப் போர்முனையின் வைத்திய முகாம்களிற் பணியாற்றினார். குண்டுக்குத் தப்பியவன் சத்திரசிகிச்சைக்குப் பின் கிருமிக்குப் பலியாவதை அங்கே நாள்தோறும் கண்டார். 1927 இல், பேயர் உட்படப் பெருங் கம்பனிகள் ஒன்றிணைந்து உருவாகியிருந்த ஐ. ஜீ. பார்பன் என்னும் ஏகபோகத்தின் எல்பர்பெல்ட் ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். ஜோசப் கிளாரர், பிரிட்ஸ் மீட்ஷ் ஆகிய இரசாயனவியலாளர் சாயச் சேர்வைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஆக்கித் தந்தனர். டோமாக் அவற்றை ஸ்ரெப்டொகொக்கஸ் கிருமி ஏற்றிய எலிகளிற் சோதித்தார். ஆண்டுகள் கழிந்தன; எலிகள் இறந்துகொண்டேயிருந்தன.

1932 இல், கம்பளிச் சாயங்களிற் பழகிய அந்தக் கந்தகக் கூட்டத்தைக் கிளாரர் ஒரு சிவப்புச் சாயத்தோடு இணைத்தார். அவ்வாண்டு டிசம்பரில் நிகழ்ந்த சோதனையிற் சாயம் பெற்ற எலிகள் பிழைத்தன, பெறாதவை மாண்டன. டிசம்பர் 25 ஆம் திகதி, கிறிஸ்து பிறந்த நாளிலே, ஆக்கவுரிமைக்கான விண்ணப்பம் சமர்ப்பிக்கப்பட்டது. டோமாக்கின் கட்டுரை வெளிவந்ததோ 1935 பெப்ரவரி 15 இல். இடையே சில வைத்தியசாலைகளில் நோயாளருக்கு இம்மருந்து கொடுத்துப் பார்க்கப்பட்டதுண்டு. ஆயினும், மருத்துவ உலகம் முழுவதும் இச்செய்தியை அறிவதற்கு இரண்டாண்டுகளுக்கு மேல் சென்றது. மருந்தின் வணிகப் பெயர் புரொன்டோசில். அவ்வாண்டின் இறுதியில் டோமாக்கின் மகளுக்கே கையில் ஊசி குத்திக் கிருமி பரவியது. கையைத் துண்டிக்க வேண்டிய நிலை வந்தது. தந்தை கொடுத்த சிவப்பு மருந்து அவளது கையையும் உயிரையும் காத்தது.

பாரிஸ் நகரின் எலிகள்

புரொன்டோசிலில் ஒரு புதிர் இருந்தது. உயிருள்ள எலியிற் கிருமியை அடக்கிய இம்மருந்து, சோதனைக் குழாயில் அதே கிருமியோடு வைத்தபோது எதுவும் செய்யவில்லை. இப்புதிரை விடுவித்தவர்கள் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் ஏர்னஸ்ட் பூர்னோவின் ஆய்வுகூடத்திற் பணியாற்றியவர்கள்: ஜாக் திரெபுவேல், அவர் துணைவியார் தெரேஸ் திரெபுவேல், டானியேல் போவே, பெடரிக்கோ நிட்டி. நிட்டியின் தந்தை இத்தாலியின் முன்னாட் பிரதமர். முசோலினியின் ஆட்சியால் நாட்டைவிட்டு நீங்கியவர்.

இவர்களால் ஜேர்மன் மருந்தைச் சுதந்திரமாக ஆக்கி ஆராய முடிந்ததற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. பிரான்சின் 1844 ஆம் ஆண்டுச் சட்டம் மருந்துப் பொருள்களுக்கு ஆக்கவுரிமை வழங்குவதைத் தடைசெய்திருந்தது. நோயாளியின் தேவை தனியொருவரின் உடைமையாதல் கூடாது என்னும் எண்ணம் அச்சட்டத்திற் பொதிந்திருந்தது. 1935 நவம்பரில் அவர்கள் வெவ்வேறு சாயச் சேர்வைகளை எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்துப் பார்த்தனர். சாயத்தின் நிறப்பகுதியை எவ்வாறு மாற்றினும் மருந்தின் வலிமை அவ்வளவாக மாறவில்லை. எஞ்சிய ஒரு கூட்டத்துக்குச் சாயமில்லாத வெறும் சல்பனிலமைட்டையே கொடுத்தனர். அவ்வெலிகளும் பிழைத்தன.

விடயம் வெளியாயிற்று. சிவப்புச் சாயம் உடலினுள்ளே இரண்டாகப் பிளவுபடுகிறது. பிளந்த பாதிகளுள் நிறமற்ற வெள்ளைத் தூளே மருந்து. நிறம் வெறும் உறை. அந்த வெள்ளைத் தூளோ 1908 இல் ஆக்கப்பட்டது. அதன்மேலிருந்த ஆக்கவுரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. ஆதலின், உலகில் எவரும் அதனை ஆக்கலாம், எவரும் விற்கலாம். பெருங் கம்பனியொன்று வேலியிட்டுக் காத்த வயலின் விளைச்சல், உண்மையில் வேலிக்கு வெளியே பொதுநிலத்திற் கிடந்ததை ஒத்தது இது.

இவ்விடத்தில் நாம் நிதானமாக இருத்தல் வேண்டும். கம்பனி கொடியது, பொது நிலையம் நல்லது என்று இரண்டு சொல்லில் இவ்வரலாற்றை முடித்துவிட முடியாது. பயன் தராத சோதனைகளை ஆண்டுக்கணக்கில் நடத்துவதற்குரிய ஆய்வுகூடமும் ஆளணியும் அந்த ஏகபோகத்திடமே இருந்தன. டோமாக்கின் கட்டுரை இல்லையேல் பாரிஸ் சோதனையும் இல்லை. கெல்மோவின் மாணவ முயற்சி, சாயத் தொழிலாளரின் நுட்பம், எர்லிக்கின் சிந்தனை, கிளாரரின் கைத்திறன், டோமாக்கின் பிடிவாதம், திரெபுவேல் தம்பதியரின் கூர்மை ஆகிய அனைத்தும் சேர்ந்தே இம்மருந்து பிறந்தது. பலருடைய உழைப்பாற் சமூகம் முழுவதும் சேர்ந்து ஆக்கிய அறிவை ஒரு பெயரிலும் ஓர் ஆக்கவுரிமையிலும் அடக்க முயன்றதே முரண்பாடு. உற்பத்தி சமூகத்தினது, உடைமை தனியாரது. பொருளாதார நூல்களில் நாம் படிக்கும் இம்முரண்பாடு ஒரு குளிசைக்குள்ளும் ஒளிந்திருக்கிறது.

தாய்மாரும் குழந்தைகளும்

இம்மருந்தின் முதற் பெரும் வெற்றி பிரசவ விடுதியிலே நிகழ்ந்தது. பிள்ளை பெற்றபின் வரும் காய்ச்சலைத் தொட்டுப் பரவும் நோயென உணர்ந்து, 1847 இல் வியன்னாவின் வைத்தியசாலையிற் கைகழுவுதலைக் கட்டாயமாக்கியவர் செம்மல்வைஸ். அவரை அக்கால வைத்திய உலகம் ஏற்கவில்லை. பின்னர் சுகாதாரம் முன்னேறியபோதும் காய்ச்சல் ஒழியவில்லை. 1930களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலேயே 1,000 பிரசவங்களுக்கு 4 தாய்மார் வரையில் இறந்தனர். பிரசவக் காய்ச்சலே அவ்விறப்புக்களின் பெருங் காரணம். இலண்டன் குயீன் சார்லட் வைத்தியசாலையில் லெனாட் கோல்புறூக் 38 தாய்மாருக்குப் புதிய மருந்தைக் கொடுத்தார். 3 பேரே இறந்தனர். அதற்கு முன் அதே வைத்தியசாலைக்கு வந்த 38 பேரில் 10 பேர் இறந்திருந்தனர். 1936 இல் இம்முடிவு வெளியாகியது. இந்த எண்களுக்குப் பின்னால் எத்தனை பிள்ளைகள் தாயோடு வளர்ந்தனர் என்பதை எண்ணிப் பார்ப்போர்க்கு விஞ்ஞானம் வறண்டதாகத் தோன்றாது.

ஆனால், வேலி நீங்கிய பொதுநிலத்தில் நரியும் புகும். ஆக்கவுரிமையற்ற வெள்ளைத் தூளை ஆக்குவதிற் பல கம்பனிகள் போட்டியிட்டன. 1937 இல் ஐக்கிய அமெரிக்காவின் தென்னசி மாநிலத்தில் இயங்கிய மாசென்கில் கம்பனி, குழந்தைகள் விரும்பிக் குடிக்கத்தக்க இனிப்புப் பாணியாகச் சல்பனிலமைட்டை விற்க எண்ணியது. தூள் நீரில் எளிதிற் கரைவதில்லை. ஆகவே டைஎதிலீன் கிளைக்கோலிற் கரைத்து, வாசனையும் நிறமும் கூட்டி அனுப்பினர். அது சிறுநீரகத்தைச் சிதைக்கும் நஞ்சு. விற்குமுன் ஓர் எலிக்குக்கூட அதனைக் கொடுத்துப் பார்க்கவில்லை. 105 பேர் மாண்டனர். அவர்களுள் 34 பேர் குழந்தைகள். ஆக்கிய 240 கலன் பாணியில் அரசாங்கப் பரிசோதகர் ஊரூராகச் சென்று 234 கலனை மீட்டனர். எஞ்சிய 6 கலனே இத்தனை உயிர்களையும் குடித்தது.

இதற்குச் சட்டம் என்ன செய்தது? நஞ்சை மருந்தென விற்பதைத் தடுக்கும் சட்டம் அந்நாட்டில் இல்லை. பாணிக்கு இட்ட பெயர் மதுசாரம் கலந்த மருந்தைக் குறிப்பது. இதிலோ மதுசாரம் இல்லை. ஆகவே, பொய்ப்பெயர் இட்டமைக்காக மாத்திரமே வழக்கு. சுமார் 26,000 டொலர் தண்டம். வேறு பெயரில் விற்றிருந்தால் அதுவும் இல்லை. குழந்தைகளின் பிணங்கள் சட்டத்தின் கண்ணிற் படவில்லை. புட்டியின் சீட்டு மாத்திரமே பட்டது. மக்களின் கொதிப்பின் பயனாக 1938 இல், புதிய மருந்தை விற்குமுன் அது தீங்கற்றது என்று காட்ட வேண்டும் என்னும் சட்டம் அங்கே நிறைவேறியது.

இது பழங்கதை என்று எவரும் ஆறுதல் கொள்ளலாகாது. 2022 இல் காம்பியா நாட்டில் அறுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள், இந்தியாவிலிருந்து இறக்குமதியான பாணியில் இதே நஞ்சு கலந்திருந்தமையால் இறந்ததாக அறியப்பட்டது. 2025 இல் தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஆக்கப்பட்ட இருமற் பாணியிலும் அதே நஞ்சு காணப்பட்டது; மத்தியப் பிரதேசத்தின் ஏழைக் குழந்தைகள் பலர் மாண்டனர். 1937 ஆம் ஆண்டின் பாடத்தை உலகம் படித்துவிட்டது; ஆனால் எல்லாக் குழந்தைகளுக்காகவும் படிக்கவில்லை. ஏகபோகம் நீங்கினால் மாத்திரம் போதாது. மக்களுக்குப் பொறுப்புக்கூறும் கண்காணிப்பும் வேண்டும் என்பதே இதன் கருத்து.

ஆயுதமான மருந்து

1939 இல் டோமாக்குக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. ஹிட்லரின் சிறையில் வாடிய சமாதானப் போராளி ஒசியட்ஸ்கிக்குச் சமாதானப் பரிசு வழங்கப்பட்டதிலிருந்து, ஜேர்மனியர் அப்பரிசைப் பெறுதல் தடைசெய்யப்பட்டிருந்தது. டோமாக் நன்றி தெரிவித்து எழுதியதற்காகக் கெஸ்டாப்போ அவரைச் சில நாள் அடைத்துவைத்தது. பரிசை மறுக்கும் கடிதத்திற் கையொப்பம் வாங்கியது. 1947 இற்றான் அவர் விருதைப் பெற்றார். பணம் அப்போது அவருக்குக் கிடைக்கவில்லை.

இதனினும் கொடியது வேறொன்று. 1942 இல் நாசித் தலைவன் ஹைட்ரிக், செக் விடுதலைப் போராளிகளின் தாக்குதலிற் காயமுற்று, காயத்திற் கிருமி பரவி இறந்தான். அவனுக்குச் சல்பா மருந்து போதியளவு கொடுக்கப்படவில்லை என்ற குற்றச்சாட்டு, அவனைப் பார்த்த வைத்தியன் கெப்காட்மீது எழுந்தது. மருந்தினாற் பயனில்லை என்று நிறுவுவதற்காகக் கெப்காட் ராவன்ஸ்புரூக் பெண்கள் முகாமைப் பயன்படுத்தினான். கைதிகளின் கால்களைக் கீறி, கிருமியையும் மரத்தூளையும் கண்ணாடித் துகளையும் உள்ளே திணித்தனர். அவர்களுட் பெரும்பாலோர் போலந்துப் பெண்கள். எதிர்ப்பியக்கத்திற் பங்குகொண்டமைக்காகச் சிறைப்பட்டவர்கள். சிலர் இறந்தனர், பிழைத்தோர் நொண்டிகளாயினர்.

அப்பெண்கள் பலியாடுகளாக மாத்திரம் இருக்கவில்லை. 1943 இல் ஊன்றுகோலோடு திரண்டு சென்று முகாம் அதிகாரியிடம் எழுத்து மூலம் தம் எதிர்ப்பைத் தெரிவித்தனர். வீட்டுக்கு எழுத அனுமதிக்கப்பட்ட கடிதங்களின் வரிகளுக்கிடையே, சிறுநீரையே மறைமையாகக் கொண்டு, தமக்கு நேர்ந்ததை எழுதி வெளியுலகுக்கு அனுப்பினர். தப்பிப் பிழைத்தோர் நியூரம்பேர்க் நீதிமன்றிற் சாட்சி கூறினர். கெப்காட் 1948 இல் தூக்கிலிடப்பட்டான். ஒருவரது முழுச் சம்மதமின்றி அவர்மீது பரிசோதனை செய்தலாகாது என்னும் விதி, 1947 இல் அவ்விசாரணையின் தீர்ப்பிலேதான் எழுத்தில் வந்தது. இன்று வைத்தியசாலையில் நம் சம்மதத்தைக் கேட்டுப் பத்திரம் நீட்டும்போது, அந்த நொண்டிக் கால்களை நாம் நினைத்தல் தகும்.

மருந்தைத் தந்த ஐ. ஜீ. பார்பனே அவுஷ்விட்சில் அடிமை உழைப்பினாற் செயற்கை இறப்பர்த் தொழிற்சாலை கட்டிய கம்பனியுமாகும். அதன் அதிகாரிகள் 24 பேர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 13 பேர் தண்டிக்கப்பட்டனர். அதிகூடிய தண்டனை 8 ஆண்டுச் சிறை. ஒரே ஆய்வுகூட மரபு தாயையும் காத்தது. அதே மூலதனம் கைதியையும் கொன்றது. விஞ்ஞானம் தானாக நன்மையின் பக்கம் நிற்பதில்லை. அது யார் கையில், எந்தச் சமூக உறவில் இயங்குகிறது என்பதே கேள்வி.

கள்ளத் திறப்பு

வெள்ளைத் தூள் கிருமியை எவ்வாறு வெல்கிறது என்பதை 1940 இல் இங்கிலாந்தின் டொனால்ட் வூட்ஸ் விளக்கினார். பற்றீரியா வாழ்வதற்குப் போலிக் அமிலம் வேண்டும். அதனைத் தானே ஆக்கிக்கொள்ள, பரா அமினோ பென்சோயிக் அமிலம் என்னும் பொருளை அது பயன்படுத்துகிறது. சல்பனிலமைட்டின் தோற்றம் ஏறத்தாழ அதே தோற்றம். காபன் இருக்கவேண்டிய இடத்திற் கந்தகம் இருக்கிறது. கிருமி ஏமாறுகிறது. பூட்டினுள் நுழைந்து திரும்பாமல் நிற்கும் கள்ளத் திறப்பைப் போன்று, கந்தகச் சேர்வை அதன் தொழிலை முடக்குகிறது. மனிதனோ போலிக் அமிலத்தைக் கீரையிலும் பருப்பிலும் உண்டு பெறுகிறான். ஆகவே அவனுக்கு அந்தத் தீங்கில்லை.

இவ்விளக்கம் புதிய வழிகளைத் திறந்தது. 1942 இல் பிரான்சின் மொண்ட்பெலியே நகரில் நெருப்புக் காய்ச்சலுக்குக் கொடுத்த சல்பா மருந்தொன்று நோயாளரின் இரத்தச் சர்க்கரையைக் குறைப்பது கண்டறியப்பட்டது. நீரிழிவுக்கான குளிசைகள் அதிலிருந்து பிறந்தன. உடலில் நீர் தேங்குவதற்கும் இரத்த அழுத்தத்துக்கும் 1950களில் வந்த மருந்துகள் சிலவும் இக்குடும்பத்தின் பிள்ளைகளே. பெனிசிலினிலும் கந்தகம் உண்டு. அதன் அமைப்பை 1945 இல் ஊடுகதிரால் நிறுவியவர் டொரதி ஹொட்ஜ்கின் என்னும் பெண்மணி.

இவற்றுள் நமக்கு நெருக்கமானது டப்சோன். இதுவும் 1908 இல் ஆக்கப்பட்டு, பயனறியப்படாது கிடந்த கந்தகச் சேர்வையே. 1941 இல் அமெரிக்காவின் கார்வில் நிலையத்தில் இதன் வழிவந்த மருந்து குட்டநோயாளருக்குக் கொடுக்கப்பட்டது. 1940களில் தமிழ்நாட்டின் செங்கல்பட்டில் றொபேட் கொக்றேன் டப்சோனையே பயன்படுத்தினார். அதற்கு முன் நீரடிமுத்தெண்ணெயை ஊசியால் ஏற்றும் வேதனையான வழியே இருந்தது. ஈழத்தில் ஒல்லாந்தர் 1708 இல் கட்டி முடித்த ஹெந்தளை விடுதியும், மட்டக்களப்பு வாவியின் நடுவேயுள்ள மாந்தீவும், நோயாளரை ஊராரின் கண்ணிலிருந்து மறைப்பதற்கான இடங்களாயிருந்தன. தீவில் இறக்கப்பட்டவன் திரும்பி வருவான் என்று வீட்டார் எதிர்பார்ப்பதில்லை. மலிவான ஒரு வெள்ளைக் குளிசை அந்தத் தீர்ப்பை மாற்றியெழுதத் தொடங்கியது. தனி மருந்தைக் கிருமி எதிர்க்கப் பழகியதும், 1981 இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையை விதித்தது; 1983 முதல் இலங்கையிலும் அது வழங்கப்படுகிறது. உடல் குணமாகியும் உறவினர் ஏற்காத மனிதர்கள் இருந்தனர் என்பதையும் சொல்லவேண்டும். சமூகத்தின் நோய்க்குக் குளிசை இல்லை.

இறுதியாக ஒன்று. ஒரே சல்பா மருந்து பத்துப் பெயர்களில் பத்து விலைகளில் விற்கப்படும் சந்தையில், ஏழை எதனை வாங்குவான்? இக்கேள்வியை அரசின் கொள்கையாக்கியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971 இல் அமைக்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராகிய அவர், மருந்துகளை வணிகப் பெயராலன்றிப் பொதுப்பெயராலேயே அழைக்கவும், உலகச் சந்தையிற் போட்டிவிலை கோரி வாங்கவும், வேண்டாத நூற்றுக்கணக்கான மருந்துகளை விலக்கவும் வழிவகுத்தார். பெருங் கம்பனிகள் இதனைக் கடுமையாக எதிர்த்தன. 1977 இல் அவர் கயானா நாட்டில் இறந்தார். அவ்வாண்டிலேயே நாட்டின் பொருளாதாரப் பாதையும் மாறியது. ஆயினும், அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அத்தியாவசிய மருந்துகளின் முதற் பட்டியல், அவர் வாதாடிய கொள்கையின் நியாயத்தை உலகுக்கு உணர்த்தியது. அப்பட்டியலில் டப்சோனும் இருந்தது. 2022 இன் நெருக்கடியில் நம் வைத்தியசாலைகளின் மருந்து அலுமாரிகள் வெறுமையானபோது, பிபிலேயின் பெயரை மீண்டும் பலர் உச்சரித்தனர். அலுமாரி நிறைந்திருக்கும் காலத்திலும் அப்பெயரை உச்சரிப்பதே நமது கடமை.

மறுமுறை அவ்வகுப்புக்குச் சென்றபோது அம்மாணவனுக்கு விடை சொன்னேன். "இருந்தது, தம்பி. இருபத்தேழு வருடம் இருந்தது. கேட்க ஆளில்லை." அவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பின், "அப்படியெண்டால் இப்பவும் எங்கயாவது ஒரு தூள் சும்மா கிடக்குமோ, சேர்?" என்றான்.

கிடக்கும். இலாபம் தராத நோய்களுக்கு, விலை கொடுக்க முடியாத மக்களுக்கு உதவக்கூடிய பொருள்கள் இன்றும் எங்கோ ஓர் அலுமாரியில், ஏதோ ஒரு பட்டதாரியின் ஆய்வேட்டிற் கிடத்தல் கூடும். அவற்றைத் தேடும் கேள்வியைச் சந்தை கேட்கப் போவதில்லை. நம் வகுப்பறைகளிலிருந்து எழும் பிள்ளைகளே கேட்டல் வேண்டும். அக்கேள்வியைக் கேட்கும் துணிவை அவர்களுக்குக் கொடுப்பதைவிட ஆசிரியர்க்கு வேறு பெரிய தொழில் இல்லை.